வர்ச்சுவல் ஃபயர்வாலில் வேகம் எங்கே காணாமல் போகிறது

"நெட் ஸ்லோவா இருக்கு" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, எந்தத் திசையில் என்றுதான். பதிவிறக்கத்திலா, பதிவேற்றத்திலா? வெளியே இணையத்துக்குப் போகும்போதா, உள்ளுக்குள்ளேயே ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதா? சின்னச் சின்னப் பக்கங்கள் சட்டென்று திறந்து, பெரிய கோப்புகள் மட்டும் நகர மறுக்கின்றனவா? ஃபயர்வால் தனிப் பெட்டியாக இருந்தாலும் இந்தக் கேள்விகள் வேண்டும். அது ஒரு சர்வருக்குள் மெய்நிகர் இயந்திரமாக (விஎம்) ஓடும்போது இவை இல்லாமல் ஒரு அடி கூட நகர முடியாது. அங்கே ஒரு பாக்கெட் (தரவுத் துண்டு) கடக்கும் இடங்கள் அதிகம்: அசல் நெட்வொர்க் கார்டு, விஎம்களைத் தாங்கும் சர்வரான ஹோஸ்டின் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), அதிலுள்ள பிரிட்ஜ் (மென்பொருள் ஸ்விட்ச்), மெய்நிகர் கார்டு, ஃபயர்வாலின் கர்னல். அப்புறம் அதே படிகள் வழியாக மறுபடி வெளியே. ஒவ்வொரு படியிலும் வேகத்தைக் கூட்டுவதற்கென்றே ஏதோ ஒரு வசதி வைத்திருப்பார்கள். அவை தனித்தனியே நல்லவை. ஒன்றோடொன்று ஒத்துப்போகாதபோதுதான் சிக்கல்.

நான் பார்த்துக்கொள்ளும் ஒரு சிறிய அலுவலகத்தில் இதை முழுமையாக அனுபவித்தேன். பழைய ஃபயர்வால் பெட்டிக்கு வயதாகிவிட்டது. ஏற்கெனவே ஃபைல் சர்வரும் வேறு சில விஎம்களும் ஓடிக்கொண்டிருந்த லினக்ஸ் கேவிஎம் (லினக்ஸிலுள்ள மெய்நிகராக்க வசதி) ஹோஸ்டிலேயே, ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்ட ஒரு ஃபயர்வாலை நிறுவினோம். அதற்கு நான்கு மெய்நிகர் கோர்கள், விஎம்களுக்கென்றே உருவான விர்ட்ஐஓ வகை நெட்வொர்க் கார்டுகள். பழைய பெட்டியில் இருந்த அமைப்புக் கோப்பு அப்படியே இதில் ஏற்றப்பட்டது. வெளி இணைப்பு பிபிபிஓஇ, அதாவது ஒவ்வொரு பாக்கெட்டையும் கூடுதலாக ஒரு உறைக்குள் வைத்து அனுப்பும் முறை. பதிவிறக்கம் 1 ஜிகாபிட், பதிவேற்றம் 100 மெகாபிட். மாற்றியதும் எல்லாம் வேலை செய்தது. ஆனால் மின்னஞ்சலில் ஒரு பெரிய இணைப்பைச் சேர்த்தால் அது ஏறவே இல்லை. பதிவிறக்கம் நானூறு மெகாபிட்டுக்கு மேல் போகவில்லை. ஃபயர்வாலுக்கு மறுபக்கம் இருந்த ஃபைல் சர்வரிலிருந்து கோப்பை எடுப்பது ஊர்ந்தது. உடன் வேலை பார்ப்பவர் கேட்டார்: "பிங் எல்லாம் நல்லாத்தானே வருது?"

வரும். பிங் அனுப்புவது பொதுவாக நூறு பைட்டுக்கும் குறைவான ஒரு துண்டு, அதுவும் நொடிக்கு ஒன்று. வழி திறந்திருக்கிறதா என்பதை மட்டும்தான் அது சொல்லும். அந்த வழியில் எவ்வளவு சுமை போகும் என்பதை அது தொடுவதே இல்லை. இந்த வகைப் பிரச்சினைகளில் பிங்கை நம்பி உட்கார்ந்தவர்கள் கடைசியில் இணைப்பு தரும் நிறுவனத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன்னால் அளக்க வேண்டும். அளப்பதற்கு பிரவுசரில் ஓடும் வேகச் சோதனை போதாது. அதில் வைஃபை, பிரவுசர், தூரத்துச் சர்வர், இணைப்புத் தரும் நிறுவனத்தின் நெரிசல் எல்லாம் கலந்திருக்கும். ஐபெர்ஃப்3 என்ற இலவசக் கருவியை இரண்டு முனைகளில் வைத்து, நடுவில் உள்ள பகுதியை மட்டும் அளப்பதுதான் என் வழக்கம். அதில் திசையைத் திருப்பி அளக்கும் வசதியும், பல இணைப்புகளை ஒரே நேரத்தில் ஓட்டும் வசதியும் உண்டு. இரண்டையும் கட்டாயம் பயன்படுத்துங்கள். 3.16 பதிப்புக்கு முன்னால் இந்தக் கருவி எத்தனை இணைப்பு ஓட்டினாலும் ஒரே திரெட்டில்தான், அதாவது ஒரு நேரத்தில் ஒரே சிபியு கோரில்தான் ஓடியது. பத்து ஜிகாபிட் இணைப்புகளை அளப்பவர்கள் பழைய பதிப்பை வைத்திருந்தால், அளவுகோலே குட்டையாக இருக்கும்.

ஒரு ஜிகாபிட் கம்பியில் எவ்வளவு வர வேண்டும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். 1500 பைட் பாக்கெட்டில் ஐபி தலைப்பும் டிசிபி தலைப்பும் நேர முத்திரையும் போக 1448 பைட்தான் சரக்கு. கம்பியில் அந்த பாக்கெட்டுக்கு முன்னும் பின்னும் சேர்பவற்றையும் கணக்கில் எடுத்தால் அது பிடிக்கும் இடம் 1538 பைட். வகுத்தால் 941 மெகாபிட். ஐபெர்ஃப் 940க்குப் பக்கத்தில் காட்டினால் அந்தப் பகுதி முழு நலம், அதற்கு மேல் அங்கே தேடாதீர்கள். பிபிபிஓஇ இருந்தால் 8 பைட் கூடுதலாகப் போய், உச்சம் 936 ஆகும். 94 என்று வந்தால் எங்கோ ஒரு போர்ட் 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கிறது என்று பொருள். ஜிகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு ஜோடிகளும் வேண்டும், 100க்கு இரண்டு ஜோடி போதும். மீதி இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பி அறுந்தால், பெரும்பாலும் இணைப்பு அறாமல் 100க்கு இறங்கி ஓடிக்கொண்டே இருக்கும். மெய்நிகர் கார்டு எப்போதும் தன்னை 10 ஜிகாபிட் என்றோ வேறு ஏதாவதோ காட்டிக்கொள்ளும். அதைப் பார்த்து ஏமாறாமல் ஹோஸ்டின் அசல் போர்ட்டைப் பாருங்கள்.

அலுவலகத்தில் பகுதி பகுதியாக அளந்தேன். லேப்டாப்பிலிருந்து ஹோஸ்டுக்கு 941. ஹோஸ்டிலிருந்து அதிலேயே ஓடும் ஒரு விஎம்முக்குப் பல ஜிகாபிட். ஆக ஸ்விட்ச், கேபிள், கார்டு, பிரிட்ஜ் எல்லாம் சரி. அடுத்தது ஃபயர்வாலின் ஊடாக. இங்கே ஒரு விஷயத்தை வலியுறுத்திச் சொல்ல வேண்டும்: ஐபெர்ஃபை ஃபயர்வாலிலேயே ஓட்டி அளக்கக் கூடாது. ஃபயர்வாலின் வேலை பாக்கெட்டைக் கடத்துவது. ஒரு இணைப்பின் முனையாக உட்கார்ந்து தரவை வாங்கிக்கொள்வது வேறு வேலை, கர்னலில் வேறு பாதை. ஒரு பக்கம் நன்றாக வந்து மறுபக்கம் படுத்துக்கொள்வது சகஜம். நமக்கு வந்த கோளாறும் அப்படிப்பட்டதுதான்: ஃபயர்வாலை முனையாக வைத்தால் வேகம் அருமை, அதைத் தாண்டிப் போனால் அவலம். அதனால் ஒரு லேப்டாப்பை உள்பக்கமும், இன்னொன்றை வேறொரு விலானிலும் (தனியாகப் பிரித்த உள் நெட்வொர்க்) வைத்து, நடுவில் ஃபயர்வால் மட்டும் இருக்கும்படி அளந்தேன். எண் ஒரு மெகாபிட்டுக்கும் கீழே. அதோடு, மறு அனுப்புதலைக் காட்டும் பத்தி நிறைந்து வழிந்தது.

அந்தப் பத்தியைப் பலரும் பார்ப்பதில்லை. வேக எண்ணை விட அதில்தான் செய்தி இருக்கிறது. டிசிபி இழப்பைக் கண்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பழைய ரீனோ முறைக்கான சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், போய்வர 50 மில்லிநொடி ஆகும் ஒரு வழியில் ஆயிரத்துக்கு ஒரு பாக்கெட் தொலைந்தாலே ஒரு இணைப்பின் வேகம் சுமார் 9 மெகாபிட்டில் நின்றுவிடும். இன்றைய முறைகள் கொஞ்சம் தாங்கும், ஆனாலும் போக்கு அதேதான். சிபியு காலியாக இருக்கிறது, கம்பியும் காலியாக இருக்கிறது, வேகம் மட்டும் இல்லை என்றால் இழப்பைத் தேடுங்கள்.

எங்கே தொலைகிறது என்று பார்க்க, ஃபயர்வாலின் உள்பக்க இடைமுகத்தில், கடந்துபோகும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை ஓட்டினேன். பாக்கெட்டுகளின் நீளத்தைப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. 1448 பைட் வர வேண்டிய இடத்தில் 2896, 4344, இன்னும் பெரிதாகப் பல பத்தாயிரம் பைட் எல்லாம் வந்துகொண்டிருந்தன. எல்லாம் 1448இன் மடங்குகள். அவை வந்தபோதெல்லாம் ஃபயர்வாலிலிருந்து, அவற்றை அனுப்பியவருக்கு "துண்டாக்க வேண்டும், ஆனால் துண்டாக்காதே என்று எழுதியிருக்கிறது" என்ற ஐசிஎம்பி (நெட்வொர்க்கின் பிழை அறிவிப்பு) செய்தி திரும்பத் திரும்பப் போனது.

நடந்தது இதுதான். ஒவ்வொரு பாக்கெட்டையும் தனித்தனியாகக் கையாள்வது சிபியுவுக்குச் செலவு. அதனால் லினக்ஸ் ஹோஸ்ட், கார்டிலிருந்து அடுத்தடுத்து வரும் ஒரே இணைப்பின் பாக்கெட்டுகளை ஒட்டி ஒரே பெரிய பாக்கெட்டாக்கி மேலே அனுப்பும். இதற்கு ஜிஆர்ஓ என்று பெயர். விஎம்மின் மெய்நிகர் கார்டு "பெரிய பாக்கெட்டை நானும் வாங்கிக்கொள்வேன்" என்று தொடங்கும்போதே அறிவித்திருந்தால், ஹோஸ்ட் அதை உடைக்காமல் அப்படியே உள்ளே தள்ளிவிடும். ஃப்ரீபிஎஸ்டியில் அந்த அறிவிப்பு எல்ஆர்ஓ என்ற அமைப்போடு சேர்ந்தது. அந்த விஎம் ஒரு ஃபைல் சர்வராக இருந்தால் இது வரப்பிரசாதம். தரவு அங்கேயே முடிகிறது, பெரிதாக வந்தால் லாபம். ரவுட்டருக்கு அப்படி இல்லை. வாங்கிய பாக்கெட்டை மறுபக்கம் அனுப்பியாக வேண்டும், மறுபக்கத்தின் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1500 அல்லது 1492. பல ஆயிரம் பைட் பாக்கெட் அதற்குள் நுழையாது. துண்டாக்காதே என்ற கொடியும் அதில் இருக்கிறது. ஃபயர்வால் அதைக் கீழே போட்டுவிட்டு, சின்னதாக அனுப்பு என்று செய்தி அனுப்புகிறது. அனுப்பிய கணினியோ ஏற்கெனவே 1500க்குள்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறது. அது குறைக்க எதுவும் இல்லை. மறுபடி அனுப்புகிறது. ஒட்டப்படாமல் ஒற்றையாக வந்து சேரும் பாக்கெட்டுகள் மட்டும் தப்பித்துப் போகின்றன. அதனால்தான் பிங்கும் போகிறது, சின்னப் பக்கங்களும் திறக்கின்றன, பெரிய கோப்பு மட்டும் தவிக்கிறது.

பதிவிறக்கம் மட்டும் ஏன் ஓரளவு ஓடியது என்பதற்கும் இதிலேயே விடை இருந்தது. வெளியிலிருந்து வரும் பாக்கெட்டுகள் பிபிபிஓஇ உறைக்குள் வருகின்றன. அந்த ஹோஸ்டின் கர்னல் அவற்றை ஒட்டவில்லை. உள்ளிருந்து வெளியே போகும் வெறும் ஐபி பாக்கெட்டுகளை மட்டும் ஒட்டியது. பதிவிறக்கத்தின்போது உள்ளிருந்து போவது சின்னச் சின்ன ஒப்புகைகள்தான், அவற்றை ஒட்டுவதில்லை. திசையைக் கேட்கச் சொன்னது இதற்காகத்தான். ஒரு திசை மட்டும் கெட்டிருந்தால் கம்பியையும் இணைப்பு நிறுவனத்தையும் சந்தேகிக்கும் முன் ஆஃப்லோட் (பாக்கெட் வேலையைக் கார்டிடம் தள்ளிவிடும்) அமைப்புகளைப் பாருங்கள்.

பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் என்ற ஃப்ரீபிஎஸ்டி ஃபயர்வால்கள் இரண்டிலும் எல்ஆர்ஓவையும், அனுப்பும்போது பெரிய பாக்கெட்டைக் கார்டே உடைக்கும் டிஎஸ்ஓவையும் அணைத்து வைக்கத் தனித்தனிப் பெட்டிகள் அமைப்புப் பக்கத்திலேயே இருக்கின்றன. ரவுட்டராக இயங்கும் கணினியில் இரண்டும் அணைந்தே இருக்க வேண்டும், விதிவிலக்கு கிடையாது. நாங்கள் ஏற்றிய பழைய கோப்பில், முந்தைய பெட்டியின் கார்டுக்காக யாரோ எப்போதோ இவற்றை இயக்கிவைத்திருந்தார்கள். அசல் பெட்டியிலிருந்து விஎம்முக்கு மாறும்போது விதிகளையும் முகவரிகளையும் கொண்டுபோகலாம், கார்டு சார்ந்த நுண்ணமைப்புகளைக் கொண்டுபோகக் கூடாது. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துத் துடைத்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

அணைத்த பிறகு ஃபயர்வாலை முழுதாக மறுதொடக்கம் செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெய்நிகர் கார்டும் ஹோஸ்டும் யாருக்கு என்ன முடியும் என்று பேசி முடிப்பது டிரைவர் ஏறும் கணத்தில். ஓடிக்கொண்டிருக்கும்போது பெட்டியை டிக் செய்துவிட்டு "மாற்றியும் பலன் இல்லை" என்று அடுத்ததுக்குத் தாவினால், சரியான மருந்தையே தவறென்று ஒதுக்கிவிடுவோம்.

மறுதொடக்கம் செய்ததும் லேப்டாப்புகளுக்கு இடையே 930க்கு மேல் வந்தது. பதிவேற்றமும் தொண்ணூற்றைத் தாண்டியது. ஆனால் ஃபைல் சர்வர் இன்னும் ஊர்ந்தது. சில நேரம் இணைப்பே எடுக்கவில்லை. லேப்டாப்புக்கும் ஃபைல் சர்வருக்கும் என்ன வித்தியாசம்? லேப்டாப்பின் பாக்கெட் ஒரு கம்பி வழியாக ஹோஸ்டுக்கு வருகிறது. ஃபைல் சர்வர் அதே ஹோஸ்டுக்குள் இருக்கிறது. அதன் பாக்கெட் ஃபயர்வாலுக்குப் போக எந்தக் கம்பியையும் தொடுவதில்லை, நினைவகத்தில் இங்கிருந்து அங்கே நகர்கிறது. இந்த ஒரு வித்தியாசம்தான் விடை.

ஒவ்வொரு டிசிபி பாக்கெட்டிலும் ஒரு செக்சம் (சரிபார்ப்பு எண்) இருக்கும். பெறுபவர் அதைக் கணக்கிட்டுப் பார்த்து, பொருந்தவில்லை என்றால் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடுவார். இந்தக் கணக்கைக் கார்டே போட்டுக்கொள்ளட்டும் என்று இயங்குதளம் பாதிக் கணக்கோடு பாக்கெட்டைக் கார்டிடம் தள்ளிவிடும். விஎம்முக்கு வாய்த்திருப்பது மெய்நிகர் கார்டு. ஒரே ஹோஸ்டுக்குள் நினைவகத்திலேயே நகரும் பாக்கெட் கெட்டுப்போக வழியில்லை என்பதால், "இதற்கு இன்னும் கணக்குப் போடவில்லை" என்ற குறிப்போடு பாதிக் கணக்காகவே அது அடுத்த விஎம்முக்குப் போகிறது. அடுத்த விஎம் அதன் கடைசி இடமாக இருந்தால் பிரச்சினை இல்லை. அது ஃபயர்வாலாக இருந்து, குறிப்பை மறந்துவிட்டு பாக்கெட்டை வெளியே அனுப்பினால், கம்பியில் ஏறுவது தவறான செக்சம். நடுவில் நாட் (முகவரி மாற்றம்) நடந்தாலும் இது சரியாகாது. நாட் செய்யும்போது செக்சத்தை முதலிலிருந்து கணக்கிடுவதில்லை, மாறிய முகவரிக்கான வித்தியாசத்தை மட்டும் பழைய எண்ணில் கூட்டிக் கழிப்பார்கள். பழைய எண் தவறென்றால் புதியதும் தவறு.

இதைப் பிடிப்பதில் ஒரு பொறி இருக்கிறது, கவனமாக இருங்கள். அனுப்பும் கணினியிலேயே டிசிபிடம்ப் ஓட்டினால், நன்றாக இருக்கும் நெட்வொர்க்கிலும் "செக்சம் தவறு" என்றுதான் காட்டும். ஏனென்றால் கார்டு கணக்குப் போடுவதற்கு முன்பே அது படம் பிடித்துவிடுகிறது. அதைக் கண்டு பதறிப் போகிறவர்கள் நிறைய. பெறும் கணினியில் ஓட்டிப் பாருங்கள். கம்பியைக் கடந்து வந்து அங்கேயும் தவறு என்று காட்டினால்தான் உண்மையான கோளாறு. எங்கள் லேப்டாப்பில் அப்படித்தான் காட்டியது. ஃபயர்வாலில் ஹார்ட்வேர் செக்சம் ஆஃப்லோடையும் அணைத்து மறுதொடக்கம் செய்ததும், "பாதிக் கணக்கை நான் வாங்க மாட்டேன்" என்று ஃபயர்வால் அறிவிக்க, ஹோஸ்ட் முழுக் கணக்கையும் போட்டே உள்ளே அனுப்பத் தொடங்கியது. ஃபைல் சர்வர் உயிர் பெற்றது. சிபியுவுக்குக் கொஞ்சம் கூடுதல் வேலைதான், இன்றைய கோர்களுக்கு ஒரு ஜிகாபிட் அளவில் அது தெரியவே தெரியாது. கேவிஎம்மில் விர்ட்ஐஓ கார்டோடு ஃப்ரீபிஎஸ்டி ஃபயர்வால் வைக்கும் யாருக்கும் நான் சொல்வது, இதை முதல் நாளே அணைத்துவிடுங்கள் என்பதுதான்.

சிலர் இந்தக் கட்டத்தில் விர்ட்ஐஓவையே கழற்றிவிட்டு இ1000 வகைக் கார்டைப் போடுவார்கள். பிரச்சினை மறைந்ததுபோல் இருக்கும். ஆனால் அது ஒரு பழைய அசல் கார்டை மென்பொருளால் நடித்துக் காட்டுவது, ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் சிபியு செலவு அதிகம். கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் போட்டுப் பார்க்கலாம், குடியேறக் கூடாது. விஎம்வேரில் விஎம்எக்ஸ்நெட்3 இருக்கும்போது இ1000 எடுப்பதற்கும் இதே பதில்தான்.

அடுத்தது, நானூறில் நின்ற பதிவிறக்கம். இங்கே இழப்பு இல்லை. ஃபயர்வாலின் முகப்புப் பக்கம் சிபியு பயன்பாடு முப்பது சதவீதத்துக்கும் கீழே என்றது. அந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. நான்கு கோர்களில் ஒன்று முழுதாக மூச்சுத் திணறி மற்ற மூன்றும் சும்மா இருந்தாலும் சராசரி இருபத்தைந்துதான். கோர் வாரியாக, திரெட் வாரியாக டாப் கட்டளையில் பார்த்தால், மெய்நிகர் கார்டின் இன்டரப்ட் திரெட் ஒன்று நூறு சதவீதத்தில் நின்றுகொண்டிருந்தது. பாக்கெட்டை வாங்குவது, பிபிபிஓஇ உறையைப் பிரிப்பது, விதிகளைச் சரிபார்ப்பது, நாட் செய்வது எல்லாவற்றையும் அந்த ஒரே திரெட் செய்தது.

பிபிபிஓஇயில் இது பழைய கதை. பல வரிசை கொண்ட கார்டுகள் ஐபி முகவரியையும் போர்ட்டையும் பார்த்து பாக்கெட்டுகளை வெவ்வேறு கோர்களுக்குப் பிரித்துத் தரும். பிபிபிஓஇ உறைக்குள் இருக்கும் ஐபி முகவரி பெரும்பாலான கார்டுகளுக்குத் தெரியாது. அதனால் எல்லாம் ஒரே வரிசையில், ஒரே கோரில் விழும். விலை உயர்ந்த கார்டை வாங்கி நேரடியாக விஎம்முக்குக் கொடுத்தாலும் இந்தச் சுவர் அங்கேயே நிற்கும். பணம் செலவழிக்கும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஃப்ரீபிஎஸ்டியில் நெட்.ஐஎஸ்ஆர்.டிஸ்பாட்ச் என்ற அமைப்பை "டைரக்ட்" என்பதிலிருந்து "டெஃபர்ட்" என்று மாற்றினால், வாங்கும் திரெட் மேல் வேலையைத் தானே செய்யாமல் வேறு கோர்களில் இருக்கும் திரெட்டுகளிடம் ஒப்படைக்கும். மாற்றியதும் வேகம் எழுநூறைத் தாண்டியது. மீதி ஹோஸ்டில் கிடைத்தது. ஹோஸ்டின் சிபியு மின்சாரம் சேமிக்கும் முறையில் இருந்தது. சுமை வந்து கடிகார வேகத்தை ஏற்றுவதற்குள் பாக்கெட்டுகள் காத்திருந்தன. அதைச் செயல்திறன் முறைக்கு மாற்றியதும் 900க்கு மேல் போய், 936 என்ற உச்சத்துக்கு அருகே நின்றது.

மெய்நிகர் கோர்களை அள்ளிக் கொடுப்பது இதற்குத் தீர்வாகாது. ஹோஸ்டில் கேவிஎம் கார்டு ஒவ்வொன்றுக்கும் பாக்கெட்டை நகர்த்த விஹோஸ்ட் என்ற தனி கர்னல் திரெட் ஓடும், அதற்கும் ஒரு கோர் வேண்டும். இருக்கிற கோர்களை எல்லாம் விஎம்களுக்கே பங்கு போட்டுவிட்டால் அந்தத் திரெட் இடத்துக்குத் தவிக்கும், ஃபயர்வாலுக்குள்ளிருந்து பார்த்தால் காரணமே தெரியாது. நான்கிலிருந்து எட்டாக்கி வேகம் குறைந்ததைப் பார்த்திருக்கிறேன். ஃபயர்வாலுக்குக் குறைவான, ஆனால் போட்டியில்லாத கோர்கள் போதும். நினைவகத்தையும் பலூனிங் (ஓடும்போதே கூட்டிக் குறைப்பது) இல்லாமல் நிலையாக ஒதுக்கிவிடுங்கள்.

விபிஎன் மட்டும் மெதுவாக இருந்தால் அது வேறு விஷயம். விஎம்முக்குக் காட்டப்படும் சிபியு வகையைப் பாருங்கள். கேவிஎம்64 போன்ற பொது வகையில், குறியாக்கத்தை வேகப்படுத்தும் ஏஇஎஸ் கட்டளைகள் தெரியாது. அசல் சிபியுவில் அந்த வசதி இருந்தும் ஃபயர்வால் எல்லாவற்றையும் கையால் கணக்கிடும். கேவிஎம்மை நிர்வகிக்கும் மென்பொருளான ப்ராக்ஸ்மாக்ஸ், 2023இல் வந்த 8ஆம் பதிப்பிலிருந்துதான் புதிய விஎம்களுக்கு ஏஇஎஸ் உள்ள வகையை இயல்பாகத் தருகிறது. முன்பே உருவாக்கியவை பழைய வகையிலேயே இருக்கும். ஹோஸ்ட் வகைக்கு மாற்றினால் ஐபிசெக், ஓபன்விபிஎன் இரண்டும் நிமிரும். வயர்கார்டு சாசா20 முறையைப் பயன்படுத்துவதால் அதற்கு ஏஇஎஸ் கட்டளைகள் உதவாது.

சில தளங்கள் மட்டும் பாதியில் தொங்கினால் எம்டியு. துண்டாக்காதே என்ற கொடியோடு 1464 பைட் பிங் போய் 1465 போகவில்லை என்றால், 28 பைட் தலைப்பையும் சேர்த்து எம்டியு 1492, அதாவது பிபிபிஓஇக்கு அது சரியான எண். ஃபயர்வாலில் எம்எஸ்எஸ்ஸை (ஒரு டிசிபி பாக்கெட்டின் சரக்குக்கான உச்ச அளவு) 1452க்குக் கட்டிவைத்தால் போதும். அதோடு, பாதுகாப்பு என்று நினைத்து ஐசிஎம்பி முழுவதையும் அடைத்துவைக்காதீர்கள்.

ஊடுருவல் தடுப்புக்காக சுரிகாட்டா ஓடினால் அளக்கும்போது அதை நிறுத்திவிட்டு ஒரு முறை, ஓட்டி ஒரு முறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாக்கெட்டையும் திறந்து பார்ப்பதற்கு விலை உண்டு, அந்த விலை எவ்வளவு என்று தெரிந்து கொடுப்பது நல்லது. ப்ராக்ஸ்மாக்ஸில் ஒவ்வொரு மெய்நிகர் கார்டிலும் ஃபயர்வால் என்ற ஒரு டிக் பெட்டி இருக்கும். இயக்கினால் நடுவில் இன்னொரு பிரிட்ஜ் முளைக்கும். உள்ளேயே முழு ஃபயர்வால் ஓடும் விஎம்முக்கு அது வேண்டாம்.

வேகம் எல்லாம் சரியான பிறகும் ஒரு புகார் மிச்சம் இருந்தது. யாராவது பெரிய கோப்பை ஏற்றும்போது மற்றவர்களின் வீடியோ அழைப்பு வெட்டி வெட்டி வந்தது. அளந்தால் வேகம் முழுதாக இருக்கிறது, ஆனால் பதிவேற்றம் ஓடும்போது பிங் நேரம் பல மடங்காகிறது. வெளியே போகும் வழியில் எங்கோ ஒரு பெரிய இடையகம் நிரம்பி நிற்கிறது. 100 மெகாபிட் இணைப்பின் முன்னால் 4 மெகாபைட் குவிந்தால் கடைசியில் நிற்கும் பாக்கெட் 320 மில்லிநொடி காத்திருக்க வேண்டும். ஃபயர்வாலில் எஃப்கியூ-கோடெல் என்ற வரிசை மேலாண்மை முறையை இயக்கி, பதிவேற்ற வரம்பை உண்மையான வேகத்தில் 95 சதவீதத்துக்கு வைத்தேன். வரிசை இப்போது நம் கட்டுப்பாட்டில் இருக்கும் இடத்தில் உருவாகிறது, அழைப்புகள் தெளிவாகின. ஐந்து சதவீத வேகத்தை விட்டுக்கொடுத்ததை அங்கே யாரும் கவனிக்கவே இல்லை.

அசல் கார்டை நேரடியாக விஎம்முக்குக் கொடுத்துவிடலாமே என்று அடிக்கடி கேட்கிறார்கள். 1500 பைட் பாக்கெட்டுகள் ஒரு ஜிகாபிட்டில் நொடிக்கு சுமார் 81,000தான் வரும், விர்ட்ஐஓ அதைச் சுலபமாகத் தாங்கும். மிகச் சிறிய 64 பைட் ஃபிரேம்களாக வந்தால் அதே கம்பியில் நொடிக்கு 14.88 லட்சம் வரும். குரல் அழைப்புகள் குவியும் இடம், பல ஜிகாபிட் இணைப்பு இவற்றுக்கு நேரடிக் கார்டு பலன் தரும். அதற்கு விலையாக, ஓடிக்கொண்டிருக்கும் ஃபயர்வாலை வேறு ஹோஸ்டுக்கு நகர்த்தும் வசதி போய்விடும். அந்த அலுவலகத்தில் ஹோஸ்டைப் பராமரிக்கும்போது ஃபயர்வாலை இன்னொரு சர்வருக்கு நகர்த்துவது முக்கியம் என்பதால் விர்ட்ஐஓவிலேயே வைத்திருக்கிறோம். ஹோஸ்டின் கர்னலோ ஃபயர்வாலின் பதிப்போ மாறும்போதெல்லாம், இரண்டு லேப்டாப்பையும் வைத்து இரு திசையிலும் அதே ஐபெர்ஃப் சோதனையை ஓட்டி, வேகத்தையும் மறு அனுப்புதலையும் முந்தைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதிவைக்கிறோம்.